தோழனின் இல்லம் தேடி

படக்காட்சி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். ஆடலும் அடிதடியும் மலிந்த படங்களைக் கண்டு சலித்த அவர்தம் வெறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அன்னாரும் தம் பிள்ளைகளோடு அமர்ந்து காணத்தக்க படம் ஒன்று ஈரானிலிருந்து வந்துள்ளது. 1987ஆம் ஆண்டில் அப்பாஸ் கியாரொஸ்தமி இயக்கிய ‘தோழனின் இல்லம் எங்கே?’ என்பதே அது. கவிஞர் சுஹ்ராப் சிபஹ்ரியின் கவிதையொன்றிலிருந்து பெற்ற தலைப்பு இது.

கதை மிகச் சிறிது. வட ஈரானில் கோக்கர் என்னும் சிற்றூர். வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்த முஹம்மது ரிஸாவை ஆசிரியர் கடிந்து, மீண்டும் அவ்வாறு செய்தால் பள்ளியிலிருந்து நீக்குவதாக எச்சரிக்கிறார். அன்றைக்கே அவனது நோட்டு, உடன் பயிலும் எட்டு வயது அஹ்மதின் பையில் தவறுதலாக வந்துவிடுகிறது. நண்பனின் ஊர் குன்றுக்கு அப்பாலுள்ள போஷ்தே. வீடு எதுவென்று தெரியாது. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் சிறுவன் ஓடுகிறான். இவ்வளவே கதை.

இதில் வியப்பு யாதெனில், நட்பைப் பற்றிய இப்படத்தில் நண்பர் இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகள் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே வருகின்றன. இடையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். நம் வழக்கில் சொன்னால், அஃது ஓர் அமானிதம். உரியவனிடம் அதைச் சேர்ப்பிக்காவிடில் அவன் துன்புறுவான் என்ற அச்சமே அஹ்மதை ஓட வைக்கிறது. நட்பு பேச்சில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது என்பதை இதனினும் எளிதாகக் காட்டுதல் அரிது.

பெரியவர்களோ அவன் சொல்லைக் காதில் வாங்குவதே இல்லை. நோட்டைப் பற்றி அவன் திரும்பத் திரும்பச் சொல்ல, தாய் பாடம் எழுதச் சொல்கிறாள். ரொட்டி வாங்கி வரச் சொல்கிறாள். பாட்டனார் தம்மிடம் சிகரெட் இருந்தும், கீழ்ப்படிதலைப் பழக்க வேண்டி அவனை வாங்கிவர ஏவுகிறார். பிழையே செய்யாத பிள்ளைக்கும் ஏதேனும் காரணம் கண்டுபிடித்து அடி கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சிரிப்பூட்டும் காட்சிதான்; ஆயினும் அச்சிரிப்பு பெற்றோராகிய, ஆசிரியராகிய நம் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

இனி, ஒரு வினா. இருட்டிய பின்னும் வீட்டைக் காணாமல் திரும்பிய அஹ்மத், இரவில் நண்பனின் பாடத்தையும் தானே எழுதி முடிக்கிறான். மறுநாள் ஆசிரியர் அதைப் பார்த்துப் பாராட்டுகிறார். இது பொய்யன்றோ? அரபு மொழியில் நண்பனைக் குறிக்கும் ‘ஸதீக்’ என்னும் சொல்லும், வாய்மையைக் குறிக்கும் ‘ஸித்க்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. நட்பின் பேரால் வாய்மை தவறலாமா?

பொய்யைப் பொய்யன்று எனச் சாதிக்க நான் முற்படவில்லை. ஆனால் அதன் பொறுப்பில் பெரும்பங்கு யாருடையது? உண்மையை உரக்கச் சொல்லியே அச்சிறுவன் அன்றைய பொழுதைத் தொடங்கினான். கேட்பார் இல்லை. மெய்க்குச் செவி கொடாத வீடும், அச்சத்தால் ஆளப்படும் வகுப்பறையும் பிள்ளைக்கு மறைத்தலையே கற்பிக்கின்றன. எழுத்து வேறு கையினது என்பதைக்கூட ஆசிரியர் கவனிக்கவில்லை. நோட்டில் எழுதப்பட்டிருத்தலே அவருக்குப் போதும்! கட்டளை நிறைவேறியது, அதன் நோக்கம் கைநழுவிப் போயிற்று. படத்தின் கூர்மையான கண்டனம் இதுவே.

குறையும் ஒன்று உண்டு. முதியோர் அனைவரையும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்துவிட்டார் இயக்குநர். விதிவிலக்கு, இருளில் சிறுவனுக்குத் துணையாக நடந்து வரும் முதிய தச்சர் ஒருவரே. அவர் தந்த சிறு மலர் மறுநாள் அந்நோட்டின் ஏட்டிடையே கிடக்கிறது. வழி காட்ட முயன்ற அந்த முதியவராலும் நண்பனின் வீட்டைக் காட்ட இயலவில்லை. எனினும் அவர் கூட நடந்தார்.

1990ஆம் ஆண்டின் கொடிய பூகம்பம் அப்பகுதியைச் சிதைத்தது. தம் படத்தில் நடித்த சிறுவர்களைத் தேடி இயக்குநர் மேற்கொண்ட பயணம், 1992இல் வெளியான மற்றொரு படத்திற்குக் கருவாயிற்று.

பிள்ளைகளோடு இப்படத்தைக் காணுங்கள். கண்டு முடித்தபின் அவர்களுக்குப் புத்திமதி சொல்ல விரையாதீர்கள்; அவர்கள் சொல்வதைச் சற்றே செவிமடுங்கள்.