மூன்றாம் பத்தி

கதைகளின் மௌனங்களைத் தேடித் தேடி வாசிக்கிறோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையை வாசித்திருக்கிறோமா? அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னமும் வெளியேதான்.

ஆம்பூரில் எங்கப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் ஒரே தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள். மாமா கெங்கையம்மனைக் கும்பிடுவார். அப்பா ஜெபம் பண்ணுவார். குழி மதம் கேட்கவில்லை, ரெண்டு பேர் காலையும் ஒண்ணாத்தான் அரித்தது. கல்லூரி அலுவலகம் கேட்டது. மாமா மகன் எஸ்.சி., நான் பி.சி. "சர்ச்சுக்குப் போறீங்கல்ல, அப்புறம் என்னப்பா சாதி?" என்றார் எழுத்தர்.

மதம் மாறிய ஆதிதிராவிட மாணவருக்கும் தமிழக அரசு தன் நிதியில் உதவித்தொகை தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எஸ்.சி. மாணவருக்கான மத்திய உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் அவருக்கு இல்லை.

சபைக்குள்ளும் சாதி உண்டென்று பாமாவின் 'கருக்கு' 1992லேயே சொல்லிவிட்டது. அதைத் தன்வரலாறு என்று மட்டும் கொண்டாடுவது அரைகுறை வாசிப்பு. எழுத்தரின் கேள்விக்கு அது சாட்சியம். மூன்றாம் பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திரும்பப் படியுங்கள், தோழர்களே.