தெலமான்: வெளிறிய பிராந்தியும் வயசுக் கணக்கும்

பிராந்தி கறுக்கக் கறுக்க வயசு ஜாஸ்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரான்சின் கோன்யாக் பகுதியில், ழார்னாக் என்ற சிற்றூரில் உள்ள தெலமான் நிறுவனம் இதற்கு நேரெதிர். அவர்களுடைய பேர்போன சரக்கின் பெயரே 'பேல் அண்ட் டிரை'. வெளிறியது, தித்திப்பு இல்லாதது என்று அர்த்தம்.

சூட்சுமம் பீப்பாயில் இருக்கிறது. இரண்டு தடவை காய்ச்சி இறக்கிய சரக்கு தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். புது ஓக் பீப்பாயில் ஊற்றினால் நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் ஏறிவிடும். தெலமான் ஏற்கெனவே புழங்கிய பழைய பீப்பாய்களையே பயன்படுத்துகிறது. மரம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். மிச்ச வேலையைக் காற்றும் காலமும் பார்த்துக்கொள்ளும். சரக்கு வாங்குவதும் கிராண்ட் ஷாம்பேன் என்ற சுண்ணாம்பு மண் வட்டாரத்தில்தான். (நுரைக்கிற ஷாம்பேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைங்க.) அங்கே விளைவது நிதானமாகப் பக்குவப்படும் ரகம். ஆக, இந்தப் பாணியின் மூலதனமே காத்திருப்புதான்.

இந்தக் காத்திருப்பை நிறத்தை வைத்து அளக்க முடியாது. ஏன்னா, கோன்யாக்கில் கேரமல் சேர்க்க விதியே அனுமதிக்கிறது. சரி, லேபிளில் உள்ள 'எக்ஸ்ஓ'? 2018 முதல் அதற்குக் குறைந்தபட்சம் 10 வருஷம். அதுக்கு முன்னாடி 6தான். அதுவும் கலவையில் உள்ள மிக இளைய சரக்கின் வயசு. புரோகிராமர் பாஷையில் சொன்னால் ஆவரேஜ் இல்லை, மினிமம். அதற்கு மேல் எவ்வளவு என்பதற்கு வியாபாரியின் வாய்வார்த்தைதான் சாட்சி.

அதனால்தான் பாரம்பரியம் இங்கே விலைபோகிறது. ஜேம்ஸ் தெலமான் டப்ளினிலிருந்து ழார்னாக்குக்கு வந்தது 1759-இல். குடும்பம் 'ரூலே அண்ட் தெலமான்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது 1824-இல். எதிலிருந்து எண்ணுவது? 65 வருஷ வித்தியாசம்! கோன்யாக்கின் வரலாற்றை 1935-இல் புத்தகமாக எழுதிய ரொபேர் தெலமானும் இதே வீட்டுக்காரர். விற்பவரே சரித்திரமும் எழுதினால், வாசிப்பவர் கொஞ்சம் உஷாராகத்தான் இருக்கணும்.

என் பார்வையில், பழைய பீப்பாயில் பொறுமையாகக் காத்திருப்பது நிஜமான பெருமை. நிறத்தைக் காட்டி மயக்காத துணிச்சலும் அதில் இருக்கிறது. ஆனால் வீடு தொடங்கிய வருஷத்தைப் பெருமையாகச் சொல்பவர்கள், கலவையில் மிக இளையது எந்த வருஷத்துச் சரக்கு என்பதையும் பாட்டிலில் அச்சடித்தால், வாங்குபவருக்கு வம்சக் கதையே தேவைப்படாது.