தண்ணீர் நிரப்பிய குழந்தை

நியோநேட்டலி, பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்கு உதவப் பழகுவதற்காக நார்வேயின் லேர்டால் நிறுவனம் செய்த பயிற்சிப் பொம்மை. சுருட்டிப் பையில் எடுத்துப்போகலாம். போன இடத்தில் சுமார் 2 லிட்டர் தண்ணீரை நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனமும் துவளலும் வந்துவிடும். எத்தனை அழகான யோசனை! சொல்லித்தருபவர் ஒரு குமிழை அமுக்கினால் தொப்புள்கொடியில் நாடி துடிக்கும். இன்னொன்றை அமுக்கினால் நெஞ்சு ஏறி இறங்கும். அமுக்காமல் விட்டால் மூச்சில்லாத குழந்தை. துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்போதும் அசையாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் முகமூடியைப் பொருத்திக் காற்று கொடுக்க வேண்டும். ஓரத்தில் கசிந்தாலோ தலை சரியாக நிமிராவிட்டாலோ நெஞ்சு எழாது. பிழையை இவ்வளவு நேராகக் காட்டும் ஆசிரியரை நான் கண்டதில்லை.

தான்சானியாவின் ஹைடோம் மருத்துவமனையில் முதலில் செவிலியர்களுக்கு இந்தப் பொம்மையை வைத்து ஒருநாள் பயிற்சி தந்தார்கள். பொம்மையிடம் பெரும்பாலோர் தேறினார்கள். பிரசவ அறையில் பெரிய மாற்றமில்லை. பிறகு சில நிமிடப் பயிற்சியை, வேலைக்கு நடுவே, அடிக்கடி செய்ய வைத்தார்கள். அதற்குப் பிறகே செவிலியர்களின் கைப்பழக்கம் நிஜக் குழந்தைகளுக்கு உதவியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்புகள் அங்கே குறைந்தன.