கருப்பைக்குள் போட்ட விளக்கு

1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில், ‘நோவா’ அறிவியல் வரிசையில், ‘தி மிராக்கிள் ஆஃப் லைஃப்’ என்ற ஒரு மணி நேர ஆவணப்படம் ஒளிபரப்பானது. சுவீடனில் எடுத்த படத்தின் அமெரிக்க வடிவம் அது. விந்தணு, சினைமுட்டை, கருக்குழாய், பனிக்குடம் என்று போய்ப் பிரசவத்தில் முடியும். எம்மி விருது வாங்கியது. அமெரிக்கப் பள்ளிகளில் உயிரியல் வகுப்புதோறும் போட்டுக் காட்டப்பட்டது. பிறகு வந்த கருவளர்ச்சிப் படங்கள், 2005இல் நேஷனல் ஜியாகிரபிக் தந்த ‘இன் தி வூம்ப்’ உட்பட, பெரும்பாலும் அது போட்ட தடத்தில்தான் நடந்தன. அதனால் இந்த ஒரு படத்தை எடைபோட்டால் அந்த வகை முழுவதையும் ஓரளவு எடைபோட்டதாகிவிடும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் பார்வை புதிது, அதைக் கோத்த கதை பழசு.

பார்வைக்குச் சொந்தக்காரர் லென்னார்ட் நில்சன். 1922இல் சுவீடனில் பிறந்து, பத்திரிகைப் புகைப்படக்காரராகத் தொழிலைத் தொடங்கி, 2017இல் மறைந்தவர். மருத்துவமனைகளோடும் லென்ஸ் செய்பவர்களோடும் சேர்ந்து, உடம்புக்குள் நுழைக்கக்கூடிய மெல்லிய அகநோக்கிக் கருவிகளில் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1965 ஏப்ரல் 30 தேதியிட்ட ‘லைஃப்’ இதழின் அட்டையில் அவர் எடுத்த 18 வாரக் கருவின் படம் வந்தபோது, 80 லட்சம் பிரதிகள் நான்கே நாட்களில் தீர்ந்துபோயின என்பார்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்துசென்ற தங்கத் தட்டிலும் அவருடைய படம் இடம்பெற்றது. வேற்றுலகத்தாருக்கு நம்மை அறிமுகப்படுத்தப் போன படங்களில் கருவுற்ற முட்டையும் ஒன்று!

இந்த உழைப்பின் பலனைக் குறைத்துப் பேசவே முடியாது. பாடநூலில் கருக்குழாய் என்பது இரண்டு வளைந்த கோடுகள். இங்கே அது ஈரமான, மடிப்பு மடிப்பான, அசைந்துகொண்டே இருக்கும் ஒரு சுரங்கம். சுவரில் அடர்ந்த நுண்மயிர்கள் ஒரே திசையில் அலையடித்து முட்டையைத் தள்ளுகின்றன. கரும்பலகையில் எத்தனை மணி நேரம் விளக்கினாலும் இந்த அசைவைக் கொண்டுவர முடியாது. அதைவிட முக்கியமானது படத்தின் தொனி. நம் ஊரில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் “நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப்போகும் ஆசிரியர்களை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூச்சம் இந்தப் படத்தில் துளியும் இல்லை. கிளுகிளுப்பும் இல்லை. இதயத்தையோ கல்லீரலையோ காட்டுவதுபோலக் காட்டுகிறது.

இனி, குறைகள். முதலாவது நிறம். நாம் பொன்னிறத்திலும் செம்மஞ்சளிலும் பார்த்து மயங்கும் கருப்பை உண்மையில் இருட்டறை. வெளிச்சம் முழுவதும் கேமராக்காரர் கொண்டுபோனது. இது தவிர்க்க முடியாதது, குற்றமில்லை. ஆனால் இந்த வகைப் படங்களில் கலந்து வரும் மின்னணு நுண்ணோக்கிக் காட்சிகள் வேறு கதை. ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் பொருளை வழக்கமாக உலர்த்தி, மெல்லிய உலோகப் பூச்சு பூசி, காற்றில்லாத அறையில் வைப்பார்கள். அதில் உயிர் இருக்காது. எலெக்ட்ரானுக்கு நிறமும் கிடையாது. நீலமும் ரோஜாவும் பிறகு பூசியவை. நீந்தும் விந்தணுவுக்கு அடுத்த காட்சியாக இறந்து உலர்ந்த விந்தணுவை வண்ணம் தீட்டிக் காட்டினால், பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார். திரையின் ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

இந்த மறைப்புக்கு ஒரு முன்கதை உண்டு. 1965இல் ‘லைஃப்’ அட்டை “உயிருள்ள” கரு என்றே அறிவித்தது. உள்ளே இருந்த படங்களில் பெரும்பாலானவை மருத்துவக் காரணங்களுக்காக அறுவை செய்து வெளியே எடுக்கப்பட்ட கருக்கள். இதழே அதை உள்பக்கத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. உள்பக்க எழுத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? சட்டப்படி நடந்த கருக்கலைப்புகளும் சேர்ந்து தந்த அந்தப் படங்களையே, கருக்கலைப்பு கூடாது என்று போராடியவர்கள் பிற்பாடு தட்டிகளில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள்.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் உறுத்துவது. கருவுறுதல் என்றாலே ஓட்டப்பந்தயம் என்று சொல்லும் கதை. இருபது முப்பது கோடி வீரர்கள் புறப்படுகிறார்கள். அமிலம், வெள்ளையணுக்கள், குறுகிய வாசல் எனத் தடைகள். சில நூறு பேர் மிஞ்சுகிறார்கள், ஒருவன் கோட்டையைப் பிளந்து உள்ளே போகிறான். முட்டை? அது காத்திருக்கிறது. பழைய சினிமாவில் மாடத்தில் நிற்கும் கதாநாயகியைப்போல.

எண்ணிக்கை சரி, கதை தவறு. விந்தணு தன் நீச்சல் பலத்தால் மட்டும் அத்தனை தூரம் போவதில்லை. கருப்பைத் தசைகளின் சுருக்கமும் அதை மேலே கொண்டுசேர்க்கிறது. மாதத்தில் பல நாட்கள் கெட்டியாக அடைத்திருக்கும் கருப்பை வாய்ச் சளி, முட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி இளகி வழிவிடுகிறது. இன்னொன்று, புறப்பட்ட நிலையிலுள்ள விந்தணுவால் முட்டையைக் கருவுறச் செய்யவே முடியாது. பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்து, அங்கே நடக்கும் வேதிமாற்றங்களுக்குப் பிறகுதான் அந்தத் திறன் வருகிறது. சாங், ஆஸ்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 1951லேயே தனித்தனியாகக் கண்டறிந்த உண்மை இது. உடலுறவுக்குப் பின் ஐந்து நாட்கள்வரை விந்தணு உள்ளே உயிரோடு இருக்கலாம்; முட்டை பிறகு வரலாம். முதலில் வந்தவனுக்குப் பரிசு என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். உயிரியல் பாடநூல்கள் விந்தணுவை வீரனாகவும் முட்டையைச் செயலற்றதாகவும் வருணிப்பதை வரிவரியாக எடுத்துக்காட்டினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விந்தணுவின் விசையை அளந்தவர்கள், அது முன்னோக்கித் தள்ளும் வலு மிகக் குறைவு, பக்கவாட்டு அசைவே அதைப்போலப் பத்து மடங்கு என்று கண்டதையும் சொன்னார். துளைப்பதற்கல்ல, பிய்த்துக்கொண்டு ஓடுவதற்கே அது வாகானது. பிடித்து நிறுத்துவது முட்டையின் மேற்பரப்பு. ஆச்சரியம் என்னவென்றால், இதைக் கண்டறிந்த பிறகும் அவர்கள் எழுதிய கட்டுரைகளில் தாக்குவது விந்தணுவாகவே இருந்ததாம். ஆய்வகத்துக்கே இந்த நிலை என்றால், தொலைக்காட்சி வருணனையாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் 1983இல் எழுதிய வருணனையை இன்றும் அப்படியே ஒப்பிக்கும் புதிய படங்களுக்குச் சாக்கு கிடையாது.

பெண் எங்கே என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கரு விண்வெளி வீரனைப்போல இருளில் தனியே மிதக்கிறது. நஞ்சுக்கொடி பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே. கருவின் படங்கள் அரசியலில் எப்படி வேலைசெய்கின்றன என்று 1987இல் எழுதிய ரோசலிண்ட் பெட்செஸ்கி இதைத்தான் சுட்டினார்: தாயை அழித்துவிட்டால் கரு தானே தனித்து வாழும் ஆளாகத் தோன்றத் தொடங்கும். நில்சனின் நோக்கம் அது அல்ல. சட்டகத்தின் விளைவு அது.

தோல்விகளைப் பற்றிய மௌனமும் எனக்கு உடன்பாடில்லை. கோடிக்கணக்கான விந்தணுக்களின் சாவை ஆர்வத்தோடு காட்டும் இந்த வகைப் படங்கள், கருவுற்ற பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தேறும் என்ற எண்ணத்தை விதைத்துவிடுகின்றன. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை கலைந்துபோகின்றன. தொடக்கக் காலச் சிதைவுகளில் சுமார் பாதிக்கு குரோமோசோம் கோளாறே காரணம். தாய் மாடிப்படி ஏறியதோ பப்பாளி தின்றதோ அல்ல. இதை ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் மருமகள்கள் பழிச்சொல்லுக்குத் தப்பியிருப்பார்கள். மாணிக்கவாசகர் நினைவுக்கு வருகிறார். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் தாயின் வயிற்றில் மாதம் மாதமாக எதெதற்குத் தப்பிப் பிழைத்தோம் என்றுதான் அவர் கணக்குச் சொல்கிறார். உடற்கூறியல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறப்பு என்பது பிழைப்பு என்று தெரிந்திருந்தது.

சிறிய விஷயம் ஒன்று. கருவியல் நூல்கள் கருவுற்ற நாளிலிருந்து வாரம் எண்ணும். மருத்துவர் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார். இரண்டு வார வித்தியாசம். சுமார் 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது என்று படத்தில் கேட்டவர், கையிலிருக்கும் ஸ்கேன் அறிக்கையில் ஐந்து வாரம் என்று பார்த்துக் கலங்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்தை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கடைசிக் காட்சி அதைக் காப்பாற்றிவிடுகிறது. அதுவரை உறுப்புகளாக மட்டும் இருந்த பெண் அங்கே முழு ஆளாக வருகிறாள். முக்குகிறாள், வியர்க்கிறாள், பிள்ளையை வெளியே தள்ளுகிறாள். நுண்ணோக்கி இல்லை, பூசிய நிறம் இல்லை. படம் முழுவதும் ‘அற்புதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை அந்தச் சில நிமிடங்கள் வெறும் உழைப்பாகக் காட்டுகின்றன. பதின்ம வயதுப் பையன்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய பகுதி அது. கணினி வரைகலையால் மெருகேறிய பின்னாள் படங்கள் எதிலும் அதற்கு ஈடான நேர்மையை நான் பார்க்கவில்லை.

இதை வகுப்பில் போட்டுக்காட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சிகளை அப்படியே ஓட விடுங்கள். விந்தணுக்கள் புறப்படும் இடம் வந்ததும் ஒலியைக் குறைத்துவிட்டு, அங்கே நடப்பதை உங்கள் குரலில் நீங்களே சொல்லுங்கள். பிரசவக் காட்சியில் மட்டும் ஒலியை முழுதாக வையுங்கள்.