ஜோக் புரியாத ஊரில்

ழாக் ஓதியாரின் 'தீபன்' படம் 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வரும் துப்பாக்கிச் சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள், அது தேவைதானா என்று. எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது ஒரு சின்னப் பேச்சு. பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் கூட்டிப் பெருக்கிப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான் தீபன் (நடித்தது ஷோபாசக்தி). அங்குள்ளவர்கள் சொல்லும் ஜோக்கில் வார்த்தையெல்லாம் விளங்குகிறது, ஆனால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது என்று யாழினியிடம் சொல்கிறான். உனக்குத் தமிழிலேயே நகைச்சுவை உணர்வு கிடையாது என்கிற மாதிரி அவள் ஒரு போடு போடுகிறாள். இருவரும் கணவன் மனைவி இல்லை. இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் வந்து சேர்ந்த அந்நியர்கள். அந்தக் கிண்டலில்தான் முதன்முதலாகச் சிநேகிதர்கள் ஆகிறார்கள் என்பது என் வாசிப்பு.

நம்முடைய புலம்பெயர் இலக்கியத்தில் இந்த மாதிரி இடங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. புறப்படுவது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. வழியும் ஏஜென்டும் போரும் ஊர் நினைப்பும் நிறையவே இருக்கின்றன. போய்ச் சேர்ந்த பிறகு வரும் சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் காணாமல் போய்விடுகிறது. காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் போடுவது, யார்கூட உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விகளைக் கதைக்கு லாயக்கில்லாத சில்லறை விஷயம் என்று நினைக்கிறோம்போல. உயிர் பிழைப்பதே இதில்தான் இருக்கிறது என்று பென்யாமினுக்குத் தெரிந்திருக்கிறது. 2008இல் மலையாளத்தில் வந்த 'ஆடு ஜீவித'த்தில் பாலைவனத்தில் தனியே மாட்டிக்கொண்ட நஜீப், ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயர்களை வைக்கிறான். பேசுவதற்கு ஆள் இல்லாதவன் முதலில் செய்வது அதுதான், பெயர் வைப்பது.

தமிழில் இதைத் தைரியமாகச் செய்தவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து 1938இல், பதினெட்டு வயதில், மேடானுக்குக் கப்பலேறியவர். 1972இல் புத்தகமாக வந்த 'புயலிலே ஒரு தோணி'யைப் போர் நாவல் என்று அட்டையில் போட்டு விற்கலாம், தப்பில்லை. ஆனால் திரும்பத் திரும்ப நான் போய் நிற்பது பாண்டியனும் கூட்டாளிகளும் குடித்துக்கொண்டு பேசும் பக்கங்களில். சங்கப் பாட்டிலிருந்து கம்பன் வரை இழுத்துப்போட்டுக் கேலி செய்கிறார்கள். ஊரில் இருந்திருந்தால் சாதியும் தெருவும் கடை வரவுசெலவும் இவர்களை ஒரே மேசையில் உட்காரவிட்டிருக்குமா? கடல் தாண்டியதால் கிடைத்த சலுகை அது. நாவலின் துள்ளல் மொழி, மதுரைத் தெருவும் மேடான் தெருவும் ஒரே வாக்கியத்துக்குள் புரளும் அந்த வேகம், எல்லாம் இந்த நட்பிலிருந்து பிறந்தது என்றே சொல்வேன். பிரசங்கம் கேட்கிற ஆள் இல்லாமல் பிரசங்கம் வராது இல்லையா.

சிங்காரத்தைப் படித்தால் ஒரு குறையும் தெரியும். பாண்டியனுக்கு மலாயும் டச்சும் தெரியும், பல இனத்து மனிதர்கள்கூடப் பழகுகிறான். ஆனால் மனசுவிட்டுப் பேசும் மேசையில் தமிழர்தான் இருக்கிறார்கள். பெண்கள் அந்த மேசைக்கு வருவதே இல்லை.

எங்கள் பக்கத்துக் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. புளியங்குடியிலிருந்து தென்காசி ரோட்டில் போனால் கடையநல்லூர். அங்கிருந்து போன நெசவாளக் குடும்பங்கள் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் கூட்டமாகக் குடியேறினார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்தார்கள். 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே தொடங்கினார்கள். பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. இங்கே ஒருத்தன் நண்பனைத் தேட வேண்டியதில்லை, ஊரே அங்கே முன்னாடி போய் உட்கார்ந்திருக்கிறது. மாமா, மச்சான், வேலை, பள்ளிவாசல், பெண் பார்ப்பது எல்லாம் தயார். பெரிய பாதுகாப்பு அது, குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் நாவலாசிரியனுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தயாராகக் கிடைத்த உறவில் 'இவனை நம்பலாமா' என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வி எழாத இடத்தில் கதை எதைப் பிடித்துக்கொண்டு நகரும்?

அ. முத்துலிங்கத்தின் உலகத்தில் அந்தக் கேள்வி மட்டும்தான் உண்டு. 1937இல் கொக்குவிலில் பிறந்தவர், ஐ.நா. வேலையாக ஆப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்துவிட்டு டொரொண்டோவில் நிலைத்தவர். 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' மாதிரி ஒரு புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்கு ஒரு புது மனிதர். ஒவ்வொருவரிடமும் அவருக்கு நிஜமான ஆர்வம் இருக்கிறது. அந்நியரைக் கண்டு பயப்படாத எழுத்து தமிழில் எவ்வளவு அபூர்வம் என்பது அவரைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது. ஆனால் அவருடைய கதைசொல்லி எப்போதும் விருந்தாளி. அதிகாரியாக வருகிறார், வீட்டில் வேலைக்காரர் உண்டு, மாற்றல் உத்தரவு வந்தால் கிளம்பிவிடுவார். மனிதர்கள் ஒரு தரம் மின்னிவிட்டு, கச்சிதமான கடைசி வரியோடு போய்விடுகிறார்கள். நட்பு என்பது மின்னுவது மட்டும் இல்லையே. மூன்றாம் வருஷம் கடன் கேட்பது, ஐந்தாம் வருஷம் பேச ஒன்றும் இல்லாமல் டி.வி. பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதானே. 'கடவுள் தொடங்கிய இடம்' நாவலில், ஏஜென்டை நம்பிக் கிளம்பிய நிஷாந்தும் மற்றவர்களும் அடுத்த எல்லைக்காகக் காத்துக் கிடக்கும் பகுதிகளில்தான் அவர் இதற்குப் பக்கத்தில் வருகிறார். அங்கே யாரும் விருந்தாளி இல்லை.

நான் வாசிக்க ஏங்கும் புத்தகம் வளைகுடா ரூமைப் பற்றியது. நாகூர் ஆபிதீனின் 'உயிர்த்தலம்' கதைகளில் துபாய் வாழ்க்கையின் நையாண்டி இருக்கிறது, சிரித்துச் சிரித்துப் படிக்கலாம். ஆனால் புளியங்குடி போன்ற உள்ளூர்களிலிருந்து போனவர்களின் ரூம் வேறு. எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன், ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு, ரெண்டடுக்குக் கட்டில் போட்ட அறையில் இறங்குகிறான். கீழ்க்கட்டிலில் மலையாளி, எதிர்க்கட்டிலில் பெஷாவர்க்காரர். இந்தி எதிர்ப்பு பேசிய வீட்டுப் பிள்ளை அங்கே போய் பாகிஸ்தானியிடம் இந்தி கற்றுக்கொள்கிறான். இன்றைக்கு யார் சமையல், யார் பாத்திரம் கழுவுவது என்று முறை. வெள்ளிக்கிழமை பிரியாணி. ஒருத்தன் வீட்டில் சாவு என்றால் எட்டுப் பேர் சேர்ந்து டிக்கெட்டுக்குப் பணம் போடுகிறார்கள்.

இந்த நட்புகளுக்கு விசா முடிகிற தேதி உண்டு. கேன்சல் அடித்துவிட்டால் பெஷாவர்க்காரரை இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கிற எல்லையைத் துபாய் ரூமில் ஒரு தடுப்புத் துணி அளவுக்குச் சுருக்கியவர்கள், ஊருக்கு வந்ததும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் டீக்கடையில் ஒரு மாதிரிப் பார்க்கிறான் என்பதும் காரணம்.

திரும்பி வருவதும் ஒரு குடியேற்றம்தான். அதற்கும் சிங்காரமே சாட்சி. இந்தோனேசியாவில் மணம் முடித்து, மனைவியையும் பிள்ளையையும் அங்கேயே இழந்து, போருக்குப் பின் திரும்பியவர். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் பல பத்தாண்டுகள் தனியாகவே இருந்து, 1997இல் இறந்தார். தமிழ் நாவலில் அத்தனை கலகலப்பான கூட்டாளி மேசையை எழுதின மனுஷன், சொந்த மண்ணில் அப்படி ஒரு மேசையைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நாவலையே அவர் காணாமல் போன நண்பர்களுக்காக மதுரையில் உட்கார்ந்து போட்ட நாற்காலிகளாகத்தான் நான் படிக்கிறேன். புளியங்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாயங்காலம் ஒரே டீக்கடையில் கூடுகிற, 'என்னடே, அர்பாப் என்ன சொல்லுதான்?' என்று இருபது வருஷத்துக்கு முந்தைய முதலாளியை வைத்து இன்னும் கிண்டலடிக்கிற அண்ணாச்சிமார்களுக்கு அப்படி ஒரு நாவல் கிடையாது. அவர்கள் சொல்லும் ஜோக்கில் பாதி அரபு, கால்வாசி மலையாளம். பக்கத்து பெஞ்சில் இருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு அது புரிவதில்லை.