மணிமேகலை என்னும் பெயர்

பெண்மக்கட்கு இடப்பெறும் பெயர்களுள் இலக்கியம் தந்தன பல. அவற்றுள் மணிமேகலை என்பது பலரும் விரும்பி இடுவதாயினும், அதன் பொருள் முற்ற உணரப்பட்டிலது. மேகலையாவது மகளிர் இடையில் அணியும் ஏழு கோவையுடைய அணி. எண்கோவையுடையது காஞ்சி என முன்னோர் வகுத்துரைப்பர். மணிகளால் இயன்ற மேகலை மணிமேகலையாம். ஆடன்மகள் வயிற்றிற் பிறந்தாட்கு அவ்வணியின் பெயரே பொருந்துமென்று இட்டனர் எனக் கூறி அமைவார் உளர். சொற்பொருள் அளவில் அது பிழையன்று. ஆயின், பெயரிட்டோன் கருத்து அதுவன்று என்பது நூல்களாலேயே தெளியப்படும்.

இப்பெயரீட்டின் வரலாற்றை விரித்துரைப்பது சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை. மதுரைப் புறஞ்சேரியிற் கோவலனைக் கண்ட மாடலமறையோன், அவன் முன்னர்ச் செய்த நற்செயல்களை எடுத்துரைக்கின்றான். மாதவி மகவீன்ற பின்னர், ஆயிரங் கணிகையர் கூடிக் குழவிக்குப் பெயரிடப் புகுந்தனர். அப்பொழுது கோவலன் தன் முன்னோன் ஒருவன் செய்தியை நினைந்தான். நடுக்கடலில் மரக்கலம் உடைந்து அவன் நீந்தி வருந்தியபோது, இந்திரன் ஏவலாற் கடல்காக்கும் மணிமேகலா தெய்வம் தோன்றி, அவன் செய்த தானத்தின் பயன் ஒழியாதென்று அஞ்சல் கூறிக் கரைசேர்த்தது. அக்குலதெய்வத்தின் பெயரையே மகட்கு இடுக என்றான் கோவலன், கணிகையரும் வாழ்த்தினர். எனவே, பெயர் அணியினின்று வந்ததன்று, தெய்வத்தினின்று வந்தது.

அத்தெய்வம் தமிழ்ப்புலவர் புதிதாகப் புனைந்துகொண்டதுமன்று. பாலிமொழியிலுள்ள சங்க சாதகத்தினும் மகாசனக சாதகத்தினும், கலமுடைந்து ஏழுநாள் கடலிற் கிடந்த நல்லோரை மணிமேகலா தெய்வம் காத்த செய்தி காணப்படுகின்றது. தாய்லாந்தினும் கம்போடியாவினும் அத்தெய்வம் ஒளிமணி ஏந்தி மின்னலை விளைப்பதாகக் கூத்தில் இன்றும் நடிக்கப்படுகின்றது. கடலோடும் வணிகர்க்குரிய தெய்வமாதலின், புகார்நகரத்து வணிகன் ஒருவன் அதனைக் குலதெய்வம் என்றல் மிகப் பொருத்தமுடைத்து.

ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. கணிகைமகள் தாய்வழியிற் கணிகையாதலே அந்நாள் வழக்கு. அவ்வழக்கினிடையே தந்தை தன் குலதெய்வத்தின் பெயரை அவட்கு இட்டான். அஃது அவளைத் தன் குலத்தவளாக ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாம். அக்கருத்துப் பின்னர் மாதவி வாயிலாகவே வெளிப்படுகின்றது. கோவலன் இறந்தபின் இந்திரவிழாவில் ஆட வாராமை குறித்து ஊரார் அலர் தூற்ற, சித்திராபதி வயந்தமாலையை விடுக்கின்றாள். மாதவியோ, மணிமேகலை மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள். தவத்திற்கு உரியளேயன்றித் தீத்தொழிற்கு உரியளல்லள் என மறுக்கின்றாள். ஈன்ற தாயே தன் மகளைப் பிறள் மகள் என்றது, தந்தை பெயரால் தொடங்கியதைத் தாய் தன் துறவால் முடித்தவாறாம்.

மணிமேகலை நூலின் துயிலெழுப்பிய காதை இதனை மேலும் வலியுறுத்தும். கோவலன் தன் பெயரை இட்ட அந்நாள் நள்ளிரவிலேயே, காமனைக் கையறச் செய்யும் தவக்கொடியை ஈன்றனை என மாதவிக்குக் கனவில் உரைத்ததாக அத்தெய்வமே சுதமதியிடம் கூறுகின்றது. ஆகவே, கணிகையர் வாழ்த்திய பெயரே கணிகையர் வாழ்வினின்று அவளை விலக்கும் பெயராயிற்று.

இனி, அப்பெயர்க்குரிய கதை தானத்தின் பயனைக் கூறுவது என்பதும் மறக்கற்பாலதன்று. முன்னோன் தானம் அவனைக் கடலினின்று கரைசேர்த்தது. வழித்தோன்றலாகிய மகளோ, மணிபல்லவத்தில் அமுதசுரபி பெற்றுப் பசித்தோர்க்கு உணவளித்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். குலத்தைக் காத்த அறமே அவள் கையிற் பாத்திரமாய் வந்தது போலும்.

மற்று, தானம் செய்தோன் வழியில் வந்த கோவலனைக் காக்க அத்தெய்வம் ஏன் வந்திலது என்பார்க்கு விடை யாது? பெயரீட்டு வரலாற்றை அடுத்தே கொலைக்களக் காதையை அடிகள் அமைத்தனர். அத்தெய்வமே விழா மறந்த புகாரைக் கடல்கொள்ளச் சபித்ததெனச் சாத்தனார் கூறுவர். ஊழ்வினை உருத்து வந்தபோது தெய்வமும் அதனைக் கடவாது என்பதே இரு புலவர்க்கும் உடன்பாடு. தெய்வம் காவாத தந்தையின் குலத்துக்கு எஞ்சி நின்றது அவன் இட்ட பெயரும், அப்பெயரைப் பொய்யாக்காத மகளும் ஆவர்.

1892-இற் சிலப்பதிகாரமும் 1898-இல் மணிமேகலையும் உ. வே. சாமிநாதையரவர்களாற் பதிப்பிக்கப்பெற்றமையால் இவ்விரண்டனையும் ஒருங்குவைத்துக் காண்டல் எளிதாயிற்று. ஒன்றையே கற்பார்க்கு இப்பெயர் இடையணியாகத் தோன்றலாம். இரண்டனையும் கற்பார்க்கு அது கரைசேர்க்கும் அறத்தின் பெயராகவே விளங்கும்.