அழுகண்ணிதான் முதல்

பூச்சியுண்ணிச் செடி வளர்ப்பவர்களிடையே இன்று பிக்மி ட்ரோசெராவுக்குத்தான் மவுசு. புல்செல்லா, ஸ்கார்ப்பியாய்டிஸ், ஆக்சிடென்டாலிஸ் என்று பெயர்களை அடுக்குவார்கள். தபாலில் வந்த ஜெம்மாக்களை (செடியாக வளரும் குட்டி மொட்டுகளை) ஈரப்படுத்திய பல்குச்சியால் தொட்டெடுத்து நட்டு, கட்டைவிரல் அகலத்துக்குள் இரண்டு மூன்று செடி நிற்பதைப் படம் பிடித்து வைப்பார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ மொட்டைமாடி வைத்திருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான செடி நம் மண்ணிலேயே இருக்கிறது. அழுகண்ணி. அதிலும் ட்ரோசெரா பர்மானி.

பிக்மிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையைச் சேர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில்; கோடை காய்ந்து கிடக்கும். பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போதுதான் அவை ஜெம்மா கட்டும். பெர்த் நகரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ராமேஸ்வரத்திலோ அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மார்கழி இரவிலும் இந்தக் கடலோரத்தில் குளிர் என்று சொல்ல எதுவுமில்லை. செடிக்குப் பருவம் மாறியதே தெரியாது. ஊட்டியில் வளர்ப்பவர் பிக்மியைக் கொண்டாடட்டும்; அவருக்கு அது தகும்.

பர்மானியை ரசிக்கக் குனிந்து பார்க்க வேண்டும். தரையோடு ஒட்டிய வட்டம், அகலம் ஓர் அங்குலம்கூட வராது. ஆப்பு வடிவ இலையின் நடுவில் குட்டையான பசைக் கரங்கள். விளிம்பில் மட்டும் நீண்டு தட்டையான கரங்கள். விசேஷம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஒரு கொசு ஓரத்தில் கால் வைத்ததும் அந்த நீண்ட கரம் சில விநாடிகளில் உள்நோக்கி வளைந்து, அதை நடுப்பசையில் தள்ளிவிடும். டார்வின் 1875இல் வெளியிட்ட பூச்சியுண்ணி நூலின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ரொட்டண்டிஃபோலியாவுக்கு இதே வேலைக்கு நிமிடக் கணக்கில் ஆகும். ஆஸ்திரேலியாவின் கிளாண்டுலிஜெரா இன்னும் வேகம் என்பார்கள். உண்மை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் அதை வீட்டில் முளைக்க வைப்பதே பெரும்பாடு. பர்மானியோ ஒரு முறை விதைத்தால் போதும், பக்கத்துத் தொட்டியிலும் தானே முளைத்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. நல்ல வெயில் பட்டால் பச்சை வட்டம் ரத்தச் சிவப்பாகிவிடும். வெயிலுக்கு ராமநாதபுரத்தில் என்ன குறை?

குறை தண்ணீரில்தான். கிணற்று நீரும் போர் நீரும் பெரும்பாலும் உப்பு. ட்ரோசெராவுக்கு டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்பளவு, ஐம்பது பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. கேன் தண்ணீரில் சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. கடற்காற்று மாடியில் படியவிட்ட உப்பை முதல் மழை கழுவிப் போகட்டும். அடுத்த மழையைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்கலாம். சிமென்ட் தொட்டி வேண்டாம், சுண்ணாம்பு இறங்கும்.

மணலிலும் அதே எச்சரிக்கை. ராமேஸ்வரம் தீவின் கடல்மணலில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்திருக்கும். ஒரு பிடி மணலில் வினிகர் விட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும், அது ஆகாது. நுரைக்காத சிலிக்கா மணலை நன்றாக அலசிப் பயன்படுத்த வேண்டும். தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்குபவர்கள் அதையும் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. உப்புத்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவை அலசாமலே கட்டியாக்கி, செடிக்கு உகந்தது என்று அச்சடித்து விற்கும் வழக்கம் பெருகிவிட்டது. தொட்டி தொட்டியாகச் செடி கருகுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நிமிர்ந்து வளரும் ட்ரோசெரா இண்டிகாவுக்கும் ரசிகர்கள் உண்டு. அதன் நூலிலைகளில் காலைச் சூரியன் படும்போது காணக் கண்கொள்ளாது; ஆனால் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பசை காய்ந்து தலை சாய்ந்துவிடும். கண்மாய்களிலும் வயல்நீரிலும் மிதக்கும் யூட்ரிகுலேரியாவின் பை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பூச்சியை உறிஞ்சிவிடும் என்றாலும், அந்த வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மேகாலயத்தின் நெபந்தஸ் காசியானாவும் இலங்கையின் டிஸ்டிலேடோரியாவும் குடுவை தொங்கவிட்டு மிரட்டும். அவை கேட்கும் காற்றீரத்தை ஆடி மாதத்து மாடியில் யார் கொடுப்பது?

பர்மானியின் பெயரிலேயே பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள கரை இருக்கிறது. இலங்கைத் தாவரங்கள் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட யோகன்னஸ் பர்மானின் நினைவாக, 1794இல் தாவரவியலாளர் வால் (Vahl) இட்ட பெயர் அது. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி காயகற்ப மூலிகைகளில் ஒன்று. அந்தப் பெருமையே இப்போது அதற்குப் பகையாகிவிட்டது. பூத்து விதை கட்டும் முன்பே வேரோடு பிடுங்கி உலர்த்தினால், ஓராண்டே வாழும் இந்தச் செடிக்கு அடுத்த மழையில் வாரிசு இல்லை. பிடுங்கியதையே செடியாகவும் விற்கிறார்கள். வேர் அறுந்த பர்மானி அநேகமாகப் பிழைப்பதில்லை.

ஆகவே செடியாக வாங்காதீர்கள், வளர்ப்பவரிடம் விதை கேளுங்கள். கறுப்புத் தூள் மாதிரி இருக்கும். ஈர மணலின் மேல் தூவினால் போதும், மூட வேண்டாம். தட்டில் ஒரு விரற்கடை மழைநீர் நிற்கட்டும். வெள்ளைப் பூ வாடி விதை முற்றியதும் பாதியைத் தொட்டியில் விடுங்கள், மீதியைக் காகிதத்தில் மடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.